சொல்லிவிட்டுப் போடுகிறவன்

அறுபத்திரண்டு வயதில் அந்தோணி மறுபடியும் செங்கல் எறிய வந்து நின்றபோது சூளையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. லோடு ஏற்றுகிற செட்டில் ஓர் இடம் காலியானால் அந்த வீட்டு ஆள் யாராவது வந்து நிற்க வேண்டும். நின்றால் இடம் அந்த வீட்டுக்கே இருக்கும். நிற்காவிட்டால் மூன்றாம் நாள் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஓரிக்கைக்கும் மாகறலுக்கும் நடுவில் இருக்கிற சூளைகளில் இதுதான் வழக்கம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ அந்தோணி இதை நம்பினார். எழுதி வைத்த எதையும் அவர் நம்புகிறவர் இல்லை.

காலியான இடம் அவருடைய மகன் ஜெபகுமாருடையது. ஆறு வருடம் அந்த இடத்தில் நின்றான். இருபத்து நாலு வயது. பங்குனி மாதம் ஜப்பானுக்குப் போய்விட்டான். செங்கல் எறிய இல்லை, பந்து எறிய.

இதை யாரிடம் சொன்னாலும் அந்தோணி அவர்களுடைய முகத்தைப் பார்ப்பார். அவர்களும் நம்பவில்லை என்று தெரிந்தால் அவருக்கு ஒரு திருப்தி.

நடந்தது இவ்வளவுதான். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு மதில் கட்ட லோடு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி மைதானத்தில் ஜப்பான்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் உருட்டுக்கட்டை மாதிரி ஒரு மட்டையும் தோல் கையுறையுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஒன்று பறந்து வந்து லாரிமேல் விழுந்தது. கல் இறக்கிக்கொண்டிருந்த ஜெபகுமார் அதை எடுத்துத் திருப்பி எறிந்தான். மைதானத்தின் அந்தக் கோடியில் குந்தியிருந்த ஆளின் கையுறைக்குள் நேராகப் போய் விழுந்தது. அந்த ஆள் கையை அசைக்கவே இல்லை. ஒகாமுரா என்று பெயர், கம்பெனி மேனேஜர். அவர் எழுந்து நின்று பந்தை மறுபடியும் லாரிக்கு எறிந்தார். ஜெபகுமார் மறுபடியும் எறிந்தான். அதே இடம். ஐந்து தடவை இப்படி நடந்தது. டிரைவர் ஹாரன் அடித்ததும் நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மனிதர் அவனுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அது கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். ஒரு நாள் காரில் வீட்டுக்கே வந்தார். ஜப்பானில் கடலோரத்து ஊர் ஒன்றில் சின்ன அணி ஒன்று இருக்கிறது, இவனை எடுத்துக்கொள்வார்கள், சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு என்றார். அந்தோணியின் மனைவி எஸ்தர் டீ போட்டுக் கொடுத்தாள். அந்தோணி வாசலுக்கு வந்து கார் நம்பரைப் பார்த்தார். கையில் பேப்பர் இல்லை. சுவரோரம் கிடந்த செங்கல்லை எடுத்து ஆணியால் நம்பரைக் கீறினார். மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்து கோணும், நம்பர் கோணாது. கல்லைக் கொண்டுபோய் மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கு கல்லு?" என்றாள் எஸ்தர்.

"பையன் திரும்பி வரலைனா போலீஸ்ல குடுக்க."

"அத்தப் போயி மாதா படத்தாண்ட வெக்கிறியே."

"இங்க வெச்சாதான் நீ எடுத்து கட்டிலுக்கு முட்டுக் குடுக்க மாட்ட."

அதோடு நிற்கவில்லை. அவன் விமானம் ஏறின மறுநாளே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சூளைக்கு வந்துவிட்டார். எப்படியும் ஜப்பானில் அவனைத் துரத்திவிடுவார்கள், திரும்பி வந்தால் நிற்க இடம் வேண்டும் இல்லையா. மேஸ்திரி கோதண்டபாணி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"தோள்பட்டை போச்சுன்னுதானே வேலைய உட்ட? இப்ப எப்டி தூக்குவ?"

"தூக்கறது எம் பாடு மேஸ்திரி. இடம் எங்க வூட்டுது."

"எத்தினி நாளைக்கு?"

"ஆடி வரிக்கும். அதுக்குள்ள வந்துருவான்."

கோதண்டபாணி விலகி வழி விட்டான். வழக்கம் அவனுக்கும் வழக்கம்தான். ஆனால் செட்டில் இடம் கேட்டு வசந்த் என்று ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பிள்ளைக்காரன், நல்ல தோள். அவனை அந்தோணிக்குத் தெரியும். தினம் காலையில் சூளை வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு அந்தோணியின் தோளைப் பார்ப்பான். "எப்டி இருக்குது பெரிப்பா?" என்பான். மரியாதையாகத்தான் கேட்பான். அதுதான் எரிச்சல்.

ஜெபகுமாரின் இடம் செட்டிலேயே கஷ்டமானது. கீழேயிருந்து லாரிமேல் நிற்கிற ஆளுக்குக் கல்லை எறிய வேண்டும். மேலே நின்று வாங்குகிறவள் கங்கையம்மாள். கல் ஒத்தையாகவும் போகும், இரண்டு கல் ஒட்டி ஜோடியாகவும் போகும். ஜோடிக்குக் கையை அகட்டிப் பிடிக்க வேண்டும், ஒத்தைக்கு வேறு பிடி. எது வருகிறது என்று தெரியாமல் கை நீட்டினால் விரல் போய்விடும். வாயிலும் மூக்கிலும் தூசிக்குத் துணி கட்டியிருப்பதால் குரல் கொடுக்க முடியாது. அதனால் ஜோடி போடுகிறபோது மோவாயை ஒரு தூக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒத்தைக்குத் தூக்க வேண்டாம். புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டுப் போடு. சொல்லாமல் போடுகிறவனோடு ஒருவரும் நிற்க மாட்டார்கள். அந்தோணி உலகத்தில் எவனையும் நம்பாதவர், ஆனால் நாற்பது வருடத்தில் லாரிமேல் நின்ற நாளெல்லாம் அந்த மோவாயை நம்பிக் கை நீட்டியிருக்கிறார்.

போன் வரும்போதெல்லாம் அந்தோணி மகனைக் குறுக்கு விசாரணை செய்வார்.

"உனுக்கு அங்க இன்னாதான்டா வேலை?"

"ரிலீஃப் பிட்சர் நைனா."

"புரியற மாதிரி சொல்லு."

"மொதல்ல ஒருத்தன் பந்து போட்டுக்கினு இருப்பான். அவன் கை ஓஞ்சதும் நான் போவேன். கடைசி அரை மணி, முக்கா மணி."

"அது வரிக்கும்?"

"வேலியோரம் குந்திக்கினு இருப்போம். எப்ப கூப்புடுவாங்கன்னு தெரியாது. கூப்ட்டா கைய சூடு பண்ணிக்கினு போவணும்."

"குந்தறதுக்கா ஏரோப்ளேன்ல இட்டுக்கினு போனான்?"

"ஜெயிக்கிற ஆட்டத்த உடாம புடிக்கிறது அந்தக் கடைசி முக்கா மணிதான் நைனா."

அந்தோணி நம்பவில்லை. ஆனால் ஒன்று பிடித்திருந்தது. அணியில் புதிதாகச் சேர்ந்தவன்தான் பந்து மூட்டையைத் தூக்க வேண்டுமாம், ஆட்டம் முடிந்ததும் பந்து போடுகிறவன் நிற்கிற நடு மேட்டைப் பெருக்கி மண் போட்டு மிதிக்க வேண்டுமாம். "அது வேலை" என்றார். "அத்த ஒழுங்கா செய்."

முதல் மூன்று வாரம் நன்றாகப் போனது. கூப்பிட்டபோதெல்லாம் போனான், மட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பினான். இரண்டு விதமாகப் போடுவான். ஒன்று வேகம், செங்கல் எறிந்த தோளின் முழு வேகம். இன்னொன்று அதே கைவீச்சில் மெதுவாக வரும். மட்டைக்காரன் வேகத்துக்குச் சுற்றிவிட்டு நிற்பான், பந்து அதற்குப் பிறகு வரும். ஊர்க்காரர்கள் அவனை ஜெபா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து மீன் கடைக்காரி வாரம் ஒரு மீன் இனாமாகக் கொடுத்தாள். எஸ்தர் அதைத் தெருவில் ஏழு வீட்டுக்குச் சொன்னாள்.

நாலாவது வாரத்திலிருந்து அடி விழ ஆரம்பித்தது. மெதுவாகப் போட்டால் காத்திருந்து அடித்தார்கள். வேகமாகப் போட்டால் அதற்கும் தயாராக நின்றார்கள்.

"யாரோ உன்னப் படிச்சிட்டாங்கன்றாரு கோச்சு" என்றான் ஜெபகுமார். "எதுல படிக்கறாங்கன்னு தெரியல. என் கைய வீடியோ எடுத்து எடுத்துப் பாக்கறாங்க. விரலு, மணிக்கட்டு, கையுறை. ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"ஆனி கடைசி வரிக்கும் பாப்பாங்க. என்னமாதிரி கடைசில போடறவன் இன்னொருத்தன் இருக்கறான். ரெண்டு பேருல ஒருத்தன்தான் நிப்பான்."

எஸ்தர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அந்தோணி, "சரி. இங்க உன் இடம் இருக்குது" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வைகாசி கருட சேவை அன்று காஞ்சிபுரத்துக்குள் லாரியை விடமாட்டார்கள். பெருமாள் ஊர் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பி, கூட்டம் கலைகிற வரைக்கும் லோடு நிற்கும். அன்று செட்டில் ஆறு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பானில் பகல் ஆட்டம். அங்கே மத்தியானம் என்றால் இங்கே காலை. கங்கையம்மாளின் மகள் வாங்கிக் கொடுத்த போனில் படம் பெரிதாகத் தெரியும். அதை ஒரு செங்கல்லின்மேல் சாய்த்து வைத்தார்கள்.

சின்ன அணிகளின் ஆட்டம், கேமரா ஒன்றே ஒன்று. அதுவும் மட்டைக்காரனுக்குப் பின்னால் வலைக்கு அந்தப் பக்கம். அதனால் ஜெபகுமார் மேட்டில் ஏறி நின்றதும் அவன் முகம் நேராகத் தெரிந்தது.

"தொப்பி போட்டுக்கினா டிராபிக் போலீஸ் மாதிரி கீறான்" என்றான் உமாபதி. கல்லை அடுக்கிலிருந்து எடுத்து அந்தோணியிடம் கொடுக்கிறவன் அவன்.

கங்கையம்மாளுக்கு ஆட்டம் புரியாது. யார் எந்தக் கட்சி என்றுகூடத் தெரியாது. ஆறு வருடம் பார்த்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோடி" என்றாள்.

பந்து விர்ரென்று வந்தது.

"ஜோடி."

மறுபடியும் வேகம்.

"ஒத்தை."

பந்து மெதுவாக மிதந்து வந்தது. மட்டைக்காரன் காத்திருந்து அடித்தான். பந்து வேலிவரைக்கும் ஓடியது.

"யக்கா, எப்டிக்கா சொல்ற?" என்றான் உமாபதி.

"நான் எங்கடா சொல்றேன்? அவன்தான் சொல்றான். மோவாயப் பாரு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வேகமான பந்துக்கு முன்னால் அவன் மோவாய் கொஞ்சம், ஒரு விரற்கடை, மேலே எழும்பி இறங்கியது. மெதுப்பந்துக்கு எழும்பவில்லை. பிறகு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜோடி, ஒத்தை, ஒத்தை, ஜோடி. பதினோரு பந்து, பதினொன்றும் சரி. உமாபதி சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டான். அந்தோணியும் சிரித்தார். பழக்கத்தை எங்கே போனாலும் விடமாட்டான் என் மகன் என்று ஒரு பெருமைகூட வந்தது.

அடுத்த பந்தும் வேலிக்குப் போனது. அந்தோணியின் சிரிப்பு நின்றது. செங்கல்லின்மேல் சாய்ந்திருந்த போனுக்குத் தெரிவது மட்டைக்காரனுக்கும் தெரியும். அவனும் அந்த முகத்துக்கு நேரேதான் நிற்கிறான். ஜப்பானில் அத்தனை பேர் கையை வீடியோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பந்து கையிலிருந்து வருகிறது, அதனால் கையைப் பார்த்தார்கள். மோவாயைப் பார்க்க அவர்கள் சூளையில் நின்றவர்கள் இல்லை.

கோதண்டபாணி வந்து, "பெருமாள் உள்ள பூட்டாரு. லாரிய உடறாங்க, எழுந்துருங்க" என்றான்.

கங்கையம்மாள் போனை எடுத்து இடுப்பில் செருகினாள். "அண்ணா, சாயந்திரமே புள்ளைக்கு போன் போட்டு சொல்லிடு" என்றாள்.

"ம்" என்றார் அந்தோணி.

அவர் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. படித்த கோச்சு இருக்கிறான், அவனே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆட்டம் தொலைந்துபோகட்டும் என்று ஒரு விதமாக நினைத்தார், திரும்பி வருகிறான் என்று இன்னொரு விதமாக நினைத்தார். இடம் இருக்கிறது. தோள் ராத்திரியில் குத்தினாலும் இடம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். அவன் வந்து நின்றால் இவர் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த ஜப்பான்காரர்கள் இன்றைக்கு ஜெபா என்பார்கள், நாளைக்கு ஆளைத் தெரியாது என்பார்கள். செங்கல் அப்படிச் சொல்லாது.

சாயந்திரம் எஸ்தர் போனை ஸ்பீக்கரில் போடுவாள். ஜெபகுமார் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கி வந்தது. ஒரு நாள், "நேத்து கூப்புடவே இல்ல நைனா. வேலியோரம் குந்திக்கினே இருந்தேன்" என்றான்.

"சாப்டியா?" என்றார் அந்தோணி.

ஐந்தாவது நாள் அது நடந்தது. வெயில் ஏறுகிற நேரம். உமாபதி இரண்டு கல்லை ஒட்டிக் கொடுத்தான். அந்தோணி வாங்கினார், எறிந்தார். மனது எங்கேயோ இருந்தது. கல் கையை விட்டுப் போனபிறகுதான் மோவாயைத் தூக்கவில்லை என்று தெரிந்தது.

மேலே கங்கையம்மாள் ஒத்தைக்குக் கை வைத்திருந்தாள். ஒன்றைப் பிடித்தாள். மற்றொன்று அவள் கால் பெருவிரல்மேல் இறங்கியது.

ஏற்றின கல்லின்மேல் அவள் அப்படியே உட்கார்ந்து, முகத்துத் துணியைக் கழற்றினாள். விரல் நகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தோணி லாரிச் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறினார்.

"சொல்லாம போட்டியே அண்ணா" என்றாள்.

அந்தோணி அவள் காலருகே கிடந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நாப்பது வருசம் எறிஞ்ச கை. உனுக்கு இன்னா ஆச்சு? புள்ளைக்கு சொன்னியா, இல்லியா?"

"இல்ல."

"அஞ்சு நாளாச்சே. நீ சொல்லிட்டன்னு இல்ல நான் நெனச்சிக்கினு கீறேன்."

"வந்தா வரட்டும்னு உட்டேன்."

கங்கையம்மாள் அவரை நன்றாகப் பார்த்தாள். "கல்லு உழுந்தது கூட எனுக்கு வலிக்கல. தெரிஞ்சிக்கினே சொல்லாம இருந்த பாரு. உன்னோட நிக்கறதுக்கு இனிமே எனுக்கு பயமா இருக்குது."

செட்டில் ஒருவரைப் பார்த்து இதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. உமாபதி கீழே இருந்து கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி கல் அடுக்கப் போனான்.

அந்தோணி இறங்கிக் குழாயடியில் கை கழுவினார். முகத்தையும் கழுவினார். அங்கேயே நின்று போன் போட்டார்.

"நைனா? இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவ நல்லா கீறா. நீ மோவாயத் தூக்கற."

"இன்னா?"

"வேகமா போடறப்ப மோவாயத் தூக்கற. மெதுவா போட்டா தூக்கல. ஜோடி, ஒத்தை. கங்கையம்மா ஒவ்வொண்ணும் முன்னாடியே சொல்லிட்டா. அடிக்கறவனும் அத்தப் பாத்துதான் அடிக்கறான்."

அந்தப் பக்கம் ஜெபகுமார் மெதுவாகச் சிரித்தான்.

"சிரிக்காத. அங்க நிக்கறவன் வாங்கறதுக்கு நிக்கல, அடிக்கறதுக்கு நிக்கறான். அவனுக்கு எதுக்குடா சொல்லிட்டுப் போடற? புடிக்கறவனுக்கு மட்டும் சொல்லு."

"புடிக்கறவன்தான் நைனா எனுக்கே சொல்றான், எது போடணும்னு. காலுக்கு நடுவுல விரல வெச்சிக் காட்டுவான்."

"அப்ப உன் மோவாய்க்கு அங்க வேலையே இல்ல."

"இல்லதான்" என்றான். "எப்ப பாத்தீங்க?"

அந்தோணி பொய் சொல்லியிருக்கலாம். "கருட சேவை அன்னிக்கு" என்றார். "அஞ்சு நாளா சொல்லல. உன் இடத்துக்கு உன்னக் கூப்ட்டுக்கலாம்னு பாத்தேன்."

ஜெபகுமாருக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும் என்று அந்தோணி காத்திருந்தார்.

"தூக்காம போட முடியுமான்னு தெரியல நைனா" என்றான் கடைசியில். "நான் தூக்கறதே எனுக்குத் தெரியல. ஆறு வருசம். அத்த நெனச்சிக்கினு போட்டா பந்து எங்கயோ பூடும்."

கங்கையம்மாள் நொண்டிக்கொண்டு குழாயடிக்கு வந்திருந்தாள். போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"டேய் ஜெபா, நிறுத்தாதே. எல்லாத்துக்கும் தூக்கு. ஒத்தைக்கும் தூக்கு, ஜோடிக்கும் தூக்கு. புதுசா வர்ற பசங்க அப்டித்தானே செய்வாங்க, பயத்துல. எனுக்கு அப்பல்லாம் எது வரும்னே தெரியாது, திட்டிக்கினே நிப்பேன். அந்த மாதிரி."

"யக்கா..."

"போடா. போய்ப் பழகு. உங்கப்பன் என் விரல ஒடச்சிட்டான், அந்தக் கதைய அப்புறம் சொல்றேன்."

விரல் உடையவில்லை. நகம் மட்டும் போனது. பத்து நாளில் அவள் மறுபடியும் லாரிமேல் ஏறினாள். அந்தப் பத்து நாளும் அந்தோணி அவள் கூலியில் கை வைக்க விடாமல் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றார். ஒருவருக்கொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஏறின முதல் நாள், முதல் ஜோடிக்கு அந்தோணி மோவாயைத் தூக்கியபோது தலையே பின்னால் போனது. அவள் பிடித்து அடுக்கிவிட்டு, "கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாள். அதற்குப் பிறகு பேச்சு சரியானது.

ஜெபகுமார் கண்ணாடி முன்னால் நின்று பழகினானாம். கோச்சு முதலில் நம்பவில்லையாம், வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க நேரமானதாம். யார் கண்டுபிடித்தது என்று கேட்டாராம். கூட வேலை செய்த அக்கா என்றானாம். எந்த அணியில் ஆடுகிறார் என்று கேட்டாராம்.

ஆனி கடைசி வாரத்தில் ஓர் ஆட்டம். அங்கே விளக்குப் போட்டு ஆடுகிறார்கள், இங்கே நாலரை மணி டீ நேரம். போன் செங்கல்லின்மேல் சாய்ந்திருந்தது. கோதண்டபாணியும் வந்து குந்தினான். வசந்தும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றான்.

கடைசிச் சுற்று. ஜெபகுமார் அணி ஒரே ஒரு ரன்தான் முன்னால். மூன்று பேரை அனுப்பினால் ஆட்டம் முடிந்தது. வேலியோரக் கதவு திறந்தது, ஜெபகுமார் ஓடி வந்தான். அந்தோணி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

மோவாய் எழும்பியது.

"ஜோடி" என்றாள் கங்கையம்மாள்.

பந்து மெதுவாக மிதந்தது. மட்டைக்காரன் சுற்றி முடித்து வெறும் காற்றை அடித்தான்.

"தப்பாப் போச்சுக்கா" என்றான் உமாபதி.

மோவாய் எழும்பியது. "ஒத்தை" என்றாள். வேகமாக வந்தது. மட்டைக்காரன் அசையவே இல்லை. அடுத்ததற்கும் எழும்பியது. அவள் வாய் திறக்குமுன் அந்த ஆள் மூன்றாவது பந்தையும் தவறவிட்டு அவுட்டாகிப் போய்விட்டான்.

இரண்டாவது ஆளுக்குப் பந்து நாலு தரம் அகலப் போனது. அவன் இலவசமாக நடந்து முதல் மூலைக்குப் போய் நின்றான். கோச்சு மேட்டுக்கு நடந்து வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஜெபகுமார் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "கை நடுங்குது அவனுக்கு" என்றார் அந்தோணி. யாருக்கும் அப்படித் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஆள் அடித்த பந்து உயரப் போய், கீழே காத்திருந்தவன் கையில் விழுந்தது. இன்னும் ஒருவன்.

அவன் பெரிய ஆள், தோள் அகலம். கருட சேவை அன்று பந்தை வேலிக்கு அனுப்பினவன் இவன்தான் என்று உமாபதி சொன்னான். முதல் பந்து வேகம், தொடவில்லை. இரண்டாவதும் வேகம், ஓரத்தில் பட்டு வெளியே போனது. மோவாய் மூன்றாவது முறை எழும்பியது.

"ஜோடிதான்டா, ஜோடிதான்" என்றாள் கங்கையம்மாள்.

ஒத்தை வந்தது. வேகத்துக்குச் சுற்றிய மட்டை பந்து வருமுன்னே தாண்டிவிட்டது. அந்தப் பெரிய ஆள் ஒரு முழங்கால் மண்ணில் பட நின்றான்.

"எனுக்கே தெரியலைடா" என்றாள் கங்கையம்மாள். "படுபாவி, எனுக்கே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தோணி டம்ளரை எடுத்து ஆறின டீயைக் குடித்தார். படத்தில் எல்லாரும் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜெபகுமார் மட்டும் துடைப்பத்தோடு திரும்பி வந்து மேட்டைப் பெருக்கினான். அதைப் பெருக்கி முடிக்கிற வரைக்கும் அந்தோணி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. அவனை வைத்துக்கொள்கிறார்கள். இந்த வருட ஆட்டங்கள் முடிகிற புரட்டாசி வரைக்கும் இப்போது, அடுத்த வருடத்துக்கும் பேசுகிறார்கள்.

"எழுதிக் குடுத்தானா?" என்றார் அந்தோணி.

"குடுத்தாங்க நைனா. போட்டோ அனுப்பறேன்."

"அனுப்பாத. எனுக்கு இன்னா தெரியும் ஜப்பான் எழுத்து." கொஞ்சம் பொறுத்து, "இன்னொருத்தன் இருந்தானே, அவன் இன்னா ஆனான்?" என்றார்.

"ஊருக்குப் போறான். இன்னிக்கு அவன் மூட்டைய நான்தான் ஸ்டேஷன் வரிக்கும் தூக்கிக்கினு போனேன்."

"நல்லது செஞ்ச" என்றார் அந்தோணி.

மறுநாள் விடிந்ததும் மாதா படத்துக்குக் கீழே இருந்த கல்லை எடுத்தார். எஸ்தர் பார்த்தாள். படத்துக்குக் கீழே துடைத்துவிட்டு இரண்டு சாமந்திப் பூ வைத்தாள். அந்தோணி கல்லைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு சூளைக்குப் போனார். வாசலில் வசந்த் சைக்கிளோடு நின்றிருந்தான்.

"எப்டி இருக்குது பெரிப்பா?"

"வலிக்குது. சைக்கிள உள்ள எடுத்துக்கினு வா."

கோதண்டபாணியிடம் போய், "மேஸ்திரி, எங்க வூட்டு இடத்துல இவன நிறுத்திக்க" என்றார்.

"யோசிச்சிக்க அந்தோணி. குடுத்தா குடுத்துதான். நாளைக்கு உன் பையன் வந்து நின்னா இடம் இல்ல."

"அவன் வந்தா உன் சூளையில இன்னா வேலை இருக்குதோ அத்தப் பாப்பான். இல்லனா ஒகாமுரா வூட்ல போய் நிப்பான்." சொல்லிவிட்டு, "அந்த ஆளு நல்ல ஆளுதான் போலக்குது" என்றார். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை. "இதுவரிக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் லோடுக்கு லாரி வந்து நின்றது. ஒரே ஒரு கல் நான் போடுகிறேன் என்று வசந்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். பையிலிருந்து நம்பர் கீறின கல்லை எடுத்தார். மேலே கங்கையம்மாள் துணியைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அந்தோணி மோவாயைத் தூக்கிக் காட்டிவிட்டு எறிந்தார்.

கையை அகட்டி வைத்திருந்தவள் தடுமாறிப் பிடித்தாள். துணியைக் கீழே இழுத்துவிட்டாள்.

"ஒத்தைக்கு எதுக்குண்ணா மோவாயத் தூக்கற?"

"உம் பேச்சக் கேட்டுதான்."

அவள் கல்லைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாவோ நம்பர் எழுதிக் கீது."

"ஒண்ணும் இல்ல. அடுக்கு."

அவள் அடுக்கினாள். உமாபதி அடுத்த ஜோடியை வசந்திடம் கொடுத்தான். அந்தோணி வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, வசந்தின் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு கல் போனது. இதுவரைக்கும் சரியாகத்தான் சொல்லிப் போட்டான்.